இரண்டு கால்

கொணவட்டத்தில்
லாரி பாடி கட்டும் கடைகளுக்கு நடுவே
வாஜித்தின் லேத்துப் பட்டறை.
பெட்டியைப் பிரித்ததும்,
"இன்னாக்கா இது, கேமரா ஸ்டாண்டா?" என்றான்.
துப்பாக்கிக்குக் கால் என்றேன்.
பக்கத்துக் கடையில் சுத்தியல் நின்றது.
காற்றுத் துப்பாக்கிதான், கிளப்புடையது,
கடிதம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது
என்று நான் முடிப்பதற்குள்
மறுபடி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்று மாதமாக
எட்டு. ஏழு. எப்போதாவது ஒன்பது.
எல்லாம் இடப்பக்கமாகச் சரிந்து
ஓடுகிற பஸ்ஸில் வைத்த பொட்டு போல.
குழலைச் சந்தேகித்தேன்.
குண்டு டப்பாவைச் சந்தேகித்தேன்.
எனக்கு முன்னால் இதை வைத்திருந்த
காட்பாடி ரயில்வே காலனிப் பையன்
எங்கேயோ கீழே போட்டிருப்பான் என்று
முகம் தெரியாத அவனைத் திட்டியும் ஆயிற்று.

பக்கத்து லேன் ஹெப்சிபா,
ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் நர்ஸ்,
கொட்டாவிக்கு நடுவே சொன்னாள்:
"கால் மாட்டிப் படுத்துச் சுடு.
யார் மேல தப்புன்னு தெரிஞ்சுடும்."

வாஜித் மரக்கட்டையைத் தடவினான்,
சந்தையில் மாட்டின் முதுகைத் தடவுவது போல.
அடியில், முன்பக்கம், நடுக்கோட்டில்
பென்சிலால் ஒரு புள்ளி.
ட்ரில் முனையில் சிவப்பு டேப் சுற்றினான்.
"இந்தக் கோட்டத் தாண்டுனா
உள்ள இரும்புல முட்டிக்கும்."
நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
குறி பார்க்கும்போது ஒருநாளும்
இவ்வளவு சுத்தமாக நிறுத்தியதில்லை.

மரத்தூள் அவன் கட்டைவிரலில் ஒட்டியது.
திருகாணி மரையில் துணி சோப்பு தேய்த்து
கையாலேயே ஏற்றினான்,
கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும் கம்பி கோத்து.
கால் பொருந்தியது.
பொருந்தியும் ஆடியது,
ஒரு நூலில் பாதி.

என் பையில் ஒரு துண்டுத் தோல் கிடந்தது.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
கழிவு பிரிக்கும் மேசை என்னுடையது.
முள் கிழித்தது, சூடு போட்டது,
உண்ணி கடித்த பொட்டு இருப்பது
எல்லாம் என் கைக்கு வந்துதான் ஒதுங்கும்.
இது ஆட்டுத்தோல். மூன்று பொட்டு.
ஜெர்மனிக்கு ஆகாது என்று நானே எறிந்தது.
வெட்டி, இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே வைத்து
இறுக்கினோம்.
ஆட்டம் நின்றது.

"அம்பது குடுக்கா. சுட்டுட்டு வந்து சொல்லு."

ஞாயிறு காலை,
சத்துவாச்சாரி மலையடியில் தகரக் கூரை
ஏழு மணிக்கே காயத் தொடங்கியிருந்தது.
தண்ணீர் ஓடட்டும் என்று
தரையைச் சாய்வாகப் பூசியிருக்கிறார்கள்,
ஓடுமளவுக்குப் பெய்யும் என்ற நம்பிக்கையில்.
இடது காலை ஒரு பல் நீட்டினேன்.
படுத்தேன். தோளால் லேசாக முன்னே தள்ளினேன்.
ரப்பர் பாதம் சிமெண்டைக் கவ்வியது.
இரண்டு கால் அதனுடையது,
மூன்றாவது என் தோள்.

ஐந்து குண்டு.
அட்டையை இழுத்துப் பார்த்தேன்.
ஒரே ஓட்டை,
விளிம்பு மட்டும் கொஞ்சம் பிய்ந்து
பழைய சட்டையின் பொத்தான் துளை மாதிரி.

பாலாற்றில் தண்ணி இல்லை,
கோட்டையில் ராஜா இல்லை என்று
இல்லாததை எண்ணியே பெருமை பேசுகிற ஊர் இது.
என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்:
துப்பாக்கியில் குற்றம் இல்லை.

ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

போட்டியில் கால் மாட்ட விடமாட்டார்கள்.
கழற்றினேன்.
தோல் துண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டது,
நகத்தால் சுரண்டி எடுத்துப் பையில் போட்டேன்.
காட்பாடிப் பையனிடம்
மனசுக்குள் ஒரு மன்னிப்பு,
அரைகுறையாக.

எழுந்து நின்றேன்.
என் இரண்டு காலும்
நான் நினைத்திருந்ததைவிட
அதிகமாக அசைந்தன.
இதயம் துடிக்கிற ஒவ்வொரு தடவையும்
முன்குறி தலையாட்டியது,
ஆமாம் ஆமாம் என்று.

சுட்டேன்.

எட்டு. இடப்பக்கம்.

இந்த முறை
அட்டையின் ஓரத்தில்
என் பெயரை எழுதி
மடித்து வைத்துக்கொண்டேன்.